உள்ளே போகாத ஆனிங்

ஜனவரி 18, ஞாயிறு. கோயம்புத்தூர்

வண்டி கைக்கு வந்துவிட்டது. கேரவன். ஒரு வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாவற்றையும் திணித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டப்போவது இவர்தான். காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டிய மனுஷனுக்கு இது பொம்மை மாதிரி.

கேரளக் கரையோரமாகப் போய் உடுப்பி, முருடேஸ்வரம், கோகர்ணம் பார்த்துத் திரும்புவதாகத் திட்டம். ஏற்பாடெல்லாம் மாப்பிள்ளை கௌசிக்காகத்தான் இருக்கும். பூர்ணி, "புக் பண்ணியாச்சும்மா, மறுக்காம போயிட்டு வாங்க" என்று செய்தி மட்டும் அனுப்பினாள். என் மகளுக்கு இந்த மாதிரி யோசனையெல்லாம் வராது. பெங்களூரில் அவ்வளவு பெரிய வேலையில் இருந்துகொண்டு மாமனார் மாமியாரை நினைக்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கிறார்? கோபியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஒரே உறுத்தல், மாப்பிள்ளையின் அம்மாவையும் எங்களோடு சேர்த்து அனுப்பியிருப்பது. சாரதாமணி அம்மாள். கணவர் இல்லை, சேலத்தில் தனியாக இருக்கிறார். நல்ல மனுஷிதான். ஆனால் ஒரு வாக்கியத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மின்வாரியத்தில் புகார் வாங்கும் மேசையில் இருந்தவள் நான். "கரண்ட் இல்லை" என்று ஆரம்பிக்கும்போதே எந்தத் தெரு என்று கேட்டுவிடுவேன். எனக்கு இழுவை ஆகாது.

வண்டிக்காரர் ஆனிங்கை விரித்துக் காட்டினார். வண்டியின் பக்கவாட்டில் மேலே சுருட்டி வைத்திருக்கும் துணிக்கூரை. பட்டனை அழுத்தினால் இரண்டு இரும்புக் கைகள் நீண்டு, துணி பந்தல் மாதிரி விரிகிறது. இன்னொரு தடவை அழுத்தினால் சுருண்டு உள்ளே போகிறது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜனவரி 19, திங்கள். கண்ணூர்

பூர்ணி போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை தானாகவே கூப்பிட்டார். "அத்தை, சாப்பிட்டீங்களா? பூர்ணி உங்ககிட்ட பேசினாளா?" என்று எவ்வளவு அக்கறை! பெற்ற மகள் எங்கே, வந்த மருமகன் எங்கே.

சம்பந்தியம்மா மகனிடம் ஒரு வார்த்தை பேசக்கூடப் போனைக் கேட்கவில்லை. இறங்கிப்போய், கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். விசித்திரம்.

ஜனவரி 20, செவ்வாய். உடுப்பிக்கு வடக்கே

கடலை ஒட்டிய தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். தோப்பு ஒரு ஷெட்டிக்குச் சொந்தம். தண்ணீர், கரண்ட் எல்லாம் தருகிறார். ஆனிங்கை விரித்து அதன்கீழ் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நல்ல காற்று. இவர் கண்ணாடி இல்லாமலேயே தூரத்துப் படகின் பெயரைப் படித்துச் சொன்னார். கன்னடமா என்றால் இல்லை, இங்கிலீஷாம். பிறகு எதற்கு இவருக்குச் சேலத்தில் கண் டாக்டர்? தீபாவளிக்கு அப்புறம் இரண்டு மூன்று தடவை போய்வந்தாயிற்று. என்ன கோளாறு என்று அந்த டாக்டர் இன்னும் சொல்லவில்லையாம். ஊர் பூராவும் ஏமாற்றுக்காரர்கள்.

சாயங்காலம் சம்பந்தியம்மா, "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசோணுங்க சம்பந்தி" என்றார். சொல்லுங்கள் என்றேன். சொல்லவில்லை. கடலைப் பார்த்தார், முந்தானையைத் திருகினார். அதற்குள் பால் பொங்கிவிட்டது. நான் எழுந்து போய்விட்டேன்.

ஜனவரி 21, புதன்

ஆனிங் போய்விட்டது!

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சம்பந்தியம்மா காலையில் துவைத்த சேலை இரண்டையும் ஆனிங்கின் கைமேல் உலரப் போட்டிருக்கிறார். தோப்பு நிறையத் தென்னை, மரத்துக்கு மரம் கயிறு கட்டலாம். ஆனாலும் ஆனிங்மேல்தான் போட வேண்டுமா? மதியத்துக்குமேல் கடல்காற்று எழுந்தது. துணி படபடவென்று அடித்தது. கிழிந்துவிடும் என்று பயந்து நான் ஓடிப்போனேன். நான் செய்தது ஒன்றே ஒன்று, பட்டனை அழுத்தினேன். "இருங்க, இருங்க, சேலை..." என்று பின்னாலிருந்து சம்பந்தியம்மா இழுத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிக்கிறவரை காற்று காத்திருக்குமா?

சேலை உருளைக்குள் சிக்கிக்கொண்டது. மோட்டார் கதறியது. இடது கை கோணிக்கொண்டு முறுக்கியது. துணி ஓரத்திலிருந்து நடுவரை கிழிந்தது. இப்போது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அரைகுறையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"மன்னிச்சுக்கோங்க" என்றார் சம்பந்தியம்மா. மன்னித்தால் கை நிமிர்ந்துவிடுமா?

ஜனவரி 22, வியாழன்

வண்டிக் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பாட்டு. பிறகு ஒரு பெண்.

"மேடம், ஆனிங்கை உள்ள அனுப்பிட்டு வண்டியை எடுங்க மேடம்."

"உள்ள போகுதுன்னா நான் எதுக்கும்மா உனக்குப் போன் பண்றேன்?"

"அது வெளிய நீட்டிட்டிருந்தா ரோட்ல ஓட்டக்கூடாது மேடம். பக்கத்துல ஒரு வெல்டரைப் பாருங்க. ஆனா கம்பெனி பொருளை வெட்டக்கூடாது."

ஓட்டவும் கூடாது, வெட்டவும் கூடாது! என் மேசையில் யாராவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் நானே அவர்கள்மேல் புகார் எழுதியிருப்பேன்.

ஷெட்டி வந்து பார்த்து, "எஷ்டு தின இர்த்தீரா?" என்றார். எத்தனை நாள் இருப்பீர்களாம். எனக்கென்ன ஆசையா?

குந்தாபுரத்தில் ஒரு வெல்டர் இருக்கிறாராம். நாளைக்கு வருவதாகச் சொன்னார்.

இவரும் சம்பந்தியம்மாவும் கிணற்றடியில் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். என்ன பேச்சு என்றேன். "வெல்டரைப் பத்தி" என்றார் இவர். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, கொஞ்சம் உக்காருங்க, நான் சொல்லியே ஆகோணும்" என்றார். "ஆனிங்கைப் பத்தி இனி ஒரு வார்த்தை வேண்டாமுங்க, விட்டுடுங்க" என்று கையை எடுத்துக்கொண்டேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். அதற்கு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு துணிக்கூரைக்கு இவ்வளவு அழுகையா?

ஜனவரி 23, வெள்ளி

வெல்டர் வரவில்லை. மச்சினன் கல்யாணமாம்.

கடைசியில் பூர்ணி கூப்பிட்டாள். இரண்டே நிமிஷம். கோயம்புத்தூரில் ஆபீஸ் டிரெயினிங்காம், பீளமேட்டில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாளாம். இதைப் போன வாரமே சொல்லியிருந்தால் வண்டி எடுக்க வந்தபோது பார்த்திருக்கலாமே? "அத்தை உன்கிட்ட பேசினாங்களாம்மா?" என்றாள். அவங்க எங்கே பேசறாங்க, சேலை துவைக்கத்தான் நேரம் இருக்கு என்று ஆனிங் கதையைச் சொன்னேன். பிறகு, "சரிம்மா. நான் இங்க இருக்கறதை அப்பாவைத் தவிர யார்கிட்டயும் சொல்லாதே" என்று வைத்துவிட்டாள். யார்கிட்டயுமாம். நான் என்ன தண்டோரா போடுகிறவளா?

ராத்திரி மாப்பிள்ளை வழக்கம்போல் கூப்பிட்டார்.

ஜனவரி 24, சனி

கிளம்புகிற அவசரம். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வெல்டர் இன்றும் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "கயிறு கட்டி சேலையைப் போட்டிருந்தா இந்தக் கதியே இல்லீங்க" என்றேன். சம்பந்தியம்மா தலையைக் குனிந்துகொண்டார். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பேச்சை மாற்றலாமென்று நான்தான், "பூர்ணி டிரெயினிங்ல இருக்கறது மாப்பிள்ளைக்கே தெரியலீங்க. நேத்து நான் சொல்லித்தான் தெரிஞ்சுது. பீளமேடுன்னதும் எந்த ஹாஸ்டல், எந்த ஹாஸ்டல்னு கேட்டுட்டே இருந்தார், பாவம்" என்றேன்.

இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் குரலை உயர்த்தாத மனுஷன்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே? யார்கிட்டயும் சொல்லாதேன்னு அந்தப் புள்ள உன்கிட்ட சொல்லுச்சா இல்லையா?"

"மாப்பிள்ளை யாரோவா?"

"கேக்கறதே இல்ல கோமளா நீ! யாரு என்ன சொல்ல வந்தாலும் கேக்கறதே இல்ல. சேலை கிடக்குது, இருங்கன்னு அவங்க கத்தறாங்க, நீ பட்டனை அமுக்கறே. ஆனிங் ஒடிஞ்சா ஒடிஞ்சிட்டுப் போகுது. இப்ப அவன் அங்க போயி நின்னா என்ன பண்ணுவே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தியம்மாதான் சொன்னார். இழுக்கவில்லை, திருகவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"என் பையன் உங்க புள்ளையை அடிக்கறானுங்க சம்பந்தி. கல்யாணமான மறு வருஷத்திலிருந்தே. தீபாவளி கழிச்சு, வாய் கிழிஞ்சு ரத்தத்தோட பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துட்டா. இத்தனை நாளா எங்கூட சேலத்துலதான் இருந்தா. அவன் வந்து கதவைத் தட்டினான், நான் திறக்கல. உங்க வீட்டு அண்ணனுக்குத் தெரியும், வந்து வந்து பாத்துட்டுப் போனாரு. இப்ப கோயம்புத்தூர்ல வேலை வாங்கிட்டா. அது அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தோம்."

கண் டாக்டர்!

இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்ததும் கௌசிக் இல்லை, பூர்ணியாம். எனக்குப் பக்குவமாகச் சொல்வதற்கு. சொல்கிற பொறுப்பை சம்பந்தியம்மா ஏற்றுக்கொண்டாராம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன். தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பெத்தவ நான். உங்க வீட்ல ஒளிச்சு வெச்சுக்க நீங்க யாரு?"

"நீங்க அன்னைக்கே அவனைக் கூப்பிட்டுப் பேசி, சமாதானம் பண்ணி, திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பயந்தாளுங்க. அவனைப் பத்தி நீங்க அவ்வளவு பெருமையாப் பேசறப்ப எப்படிச் சொல்றதுன்னு அழுதா."

திருப்பி அனுப்பிவிடுவேனாம்! என்ன அநியாயமான பேச்சு! ரத்தத்தோடு வந்து நிற்கிற பிள்ளையை நான் திருப்பி

இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. கிளம்ப வேண்டும். மீதி அப்புறம்.

ஜனவரி 25, ஞாயிறு. கோயம்புத்தூர்

நேற்று விட்ட இடத்திலிருந்து.

இவர் பூர்ணியைக் கூப்பிட்டு, ஹாஸ்டலை விட்டு வெளியே வராதே என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அம்மா அவன்கிட்ட சொல்லிட்டாங்களா?" என்றாள். "ஆமா" என்றார் இவர். "அம்மாகிட்ட போனைக் குடுக்காதீங்கப்பா" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

உடனே புறப்பட வேண்டும். ஆனிங் ஒரு ஆள் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் எந்த வெல்டர் வருவான்? பஸ்ஸுக்குப் போகலாம் என்றால் மங்களூர் போய் மாற வேண்டும். நான் ஷெட்டியிடம் போய்த் தேங்காய் வெட்டுகிற கத்தியைக் கேட்டேன். கொடுத்தார். என் முகத்தைப் பார்த்த யாரும் கொடுத்திருப்பார்கள்.

நாற்காலிமேல் ஏறி நின்று துணியை வெட்டினேன். கம்பெனிப் பொருள், வெட்டக்கூடாது. வெட்டினேன். கனத்த துணி, லேசில் அறுபடவில்லை. கௌசிக் ஞாபகம் வரும்போதெல்லாம் அறுபட்டது. "அத்தை, சாப்பிட்டீங்களா?" அந்தக் குரலைக் கேட்டு நான் பூரித்துப்போனேனே! தினமும் என்னிடம் வேவு பார்த்திருக்கிறான். நானும் தினமும் எடுத்துப் பேசியிருக்கிறேன்.

இவர் வண்டிமேல் ஏறி, கோணிய கையைக் காலால் மிதித்து மடக்கிப் பார்த்தார். அசையவில்லை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தொங்கினோம். கிறீச்சென்று மடங்கி வண்டியோடு ஒட்டியது. மறுபடி நீளாமல் இருக்க இறுக்கிக் கட்ட வேண்டுமே? சம்பந்தியம்மா உள்ளே போய் ஒரு பட்டுச்சேலையைக் கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு நாங்கள் சம்பந்திச் சீராக எடுத்துக் கொடுத்தது. "வேற இல்லையா?" என்றேன். "இதுதான் நீளமா, கெட்டியா இருக்குது" என்று ஜன்னல் வழியாக நுழைத்து இழுத்து முடிச்சுப் போட்டார்.

வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தியது. இவர் இறங்கி ஏதோ சொன்னார், விட்டுவிட்டார்கள். சம்பந்தியம்மாவும் நானும் பின்னால் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். என் கோபம் இன்னும் அவர்மேல் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. பாலக்காடு தாண்டியதும் கேட்டேன். "சொந்தப் பையனாச்சே. எப்படிக் கதவைத் திறக்காம இருந்தீங்க?"

"அவங்கப்பாவும் அப்படித்தானுங்க" என்றார். "எனக்கு யாரும் கதவைத் திறக்கல."

அவ்வளவுதான் சொன்னார். தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

விடிந்து ஹாஸ்டல் தெருவுக்குள் நுழைந்தபோது அவன் அங்கே இருந்தான். எதிரே டீக்கடையில். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பூங்கொத்து. வாட்ச்மேனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் எத்தனை ஹாஸ்டலில் விசாரித்தானோ! எங்களைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மறுபடி வந்தது.

சம்பந்தியம்மா முதலில் இறங்கினார். "கௌசிக், வீட்டுக்குப் போ."

"நீங்க பேசாதீங்கம்மா. பொண்டாட்டியைப் புருஷன்கிட்ட இருந்து பிரிச்ச அம்மா நீங்க" என்றான், அதே சிரிப்போடு. பிறகு என் பக்கம் திரும்பினான். "அத்தை, நல்லவேளை வந்தீங்க. ஒரு சின்னப் பிரச்சினை, பெரிசாக்கிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை. நீங்க சொன்னா பூர்ணி கேப்பா."

"கேப்பாதான்" என்றேன். "அதனாலதான் சொல்ல மாட்டேன்."

"அத்தை..."

"அத்தைங்காதே. என் புள்ளை எங்க இருக்கான்னு என் வாயைப் பிடுங்கித் தெரிஞ்சுகிட்டு வந்தவன்தானே நீ? வேற எதையும் இனி என் வாயிலிருந்து வாங்க முடியாது. கிளம்பு."

குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வேலைக்குக் கிளம்பிய பெண்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். அவன் ஒரு அடி முன்னால் வந்தான். இவர் வந்து எனக்கு முன்னால் நின்றார். வார்டன் உள்ளேயிருந்து போனைக் காதில் வைத்தபடி, "மகளிர் ஸ்டேஷனுக்குப் பேசிட்டிருக்கேன், யாரும் போகாதீங்க" என்றார். அதைக் கேட்டதும் அவன் போய்விட்டான். பூங்கொத்தை டீக்கடை பெஞ்சிலேயே வைத்துவிட்டு.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. சம்பந்தியம்மாவும் கையெழுத்துப் போட்டார். மகன்மேல் எழுதிய புகாரில்.

ஜனவரி 26, திங்கள்

வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். வண்டிக்காரர் ஆனிங்கை மேலும் கீழும் பார்த்தார். "யாருங்க இப்படிப் பண்ணினது?"

"நான்தானுங்க, சேலை போட்டேன்" என்றார் சம்பந்தியம்மா.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "யாரைக் கேட்டு நீங்க பழியை ஏத்துக்கறீங்க? பட்டனை அமுக்கினது நான், வெட்டினது நான். எழுதிக்கோங்க, கோமளவல்லி." அவர் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 27, செவ்வாய்

நேற்றே எழுதியிருக்க வேண்டும். முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பூர்ணி வந்தாள். ஹாஸ்டல் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறோம். ஞாயிறன்று அப்பாவைப் பார்த்தாள், மாமியாரைக் கட்டிக்கொண்டாள், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போயிருந்தாள். இப்போது தானாக வந்திருக்கிறாள். இவரும் சம்பந்தியம்மாவும் காய் வாங்குகிறோம் என்று வெளியே போய்விட்டார்கள். லாட்ஜில் காய் எதற்கு?

மேலுதட்டில் ஒரு தழும்பு. கிட்ட உட்கார்ந்தால்தான் தெரிகிறது. பொங்கலுக்கு வீடியோவில் பேசினோமே, எனக்குத் தெரியவில்லையே!

அவள் பேச ஆரம்பித்தாள். முதலிலிருந்து. நடுநடுவே எனக்கு எவ்வளவோ வாயில் வந்தது. அப்போதே ஏன் சொல்லவில்லை, ஏன் பொறுத்துக்கொண்டாய், என்னை என்னவென்று நினைத்தாய், அவனை என்ன செய்கிறேன் பார். ஒவ்வொன்றையும் விழுங்கினேன். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. எழுந்து விளக்கைப் போட்டால் நிறுத்திவிடுவாளோ என்று எழவில்லை.

அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தேகமாக என்னைப் பார்த்தாள். "என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"நீ கேட்டா சொல்றேன் கண்ணு."

கொஞ்சம் யோசித்தாள். "இப்ப வேண்டாம்மா."

"சரி" என்றேன்.

என் ஆயுசில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை.